மூன்றாவது ஓட்டை

நவம்பர் 4, செவ்வாய்

பழனி வந்து சேர்ந்தேன். லாட்ஜ் அறை நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. திறந்தால் கொசுவும் வருகிறது. மூடிவிட்டேன்.

இந்த நாட்குறிப்பைத் திலகா வாங்கிக் கொடுத்தாள். "ராஜாவாயிட்டீங்க, உங்க வரலாற்றை நீங்களே எழுதிக்குங்க" என்றாள். என் மனைவி சொல்வதில் எது பாராட்டு, எது கிண்டல் என்று பத்தொன்பது வருடமாக எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வரலாறு இதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறேன். பெரும்பாலும் கதாநாயகியின் அப்பா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மூன்று தொடர்களில் மாலை போட்ட புகைப்படமாக நூறு எபிசோடுகளுக்கு மேல் சுவரில் தொங்கியிருக்கிறேன். இப்போது நாற்பத்தேழாவது வயதில் 'சிங்கமுகக் கோட்டை' என்ற சரித்திரத் தொடரில் மன்னர் வீரமாறன் வேடம் கிடைத்திருக்கிறது.

தேர்வின்போது டைரக்டர் பூமிநாதன், குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். "சார், என் பேரைப் பாருங்க" என்றேன். பரிமேலழகன். குதிரையின் மேல் அழகன் என்று பொருள். தமிழாசிரியரான அப்பா வைத்த பெயர். டைரக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 5, புதன்

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் அட்டையும் சாக்கும் வைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை. கிட்டே போனால் சிமெண்ட் கம்பெனிப் பெயர் தெரிகிறது.

என் குதிரையைப் பார்த்தேன். கதையில் அதன் பெயர் மின்னற்கொடி. உண்மைப் பெயர் ஜிகினா. வெள்ளைப் பெண்குதிரை. பழனியில் ஜட்கா வண்டி இழுக்கிற குதிரை. ஓட்டுகிறவர் ஹாஜிரா பீவி என்ற பெண்மணி. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஓட்டிய வண்டியை இப்போது அவர் ஓட்டுகிறார். காலையில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார். பிறகு நாளெல்லாம் மலைக்கு வருகிறவர்கள். ஜிகினாவிடம் அவர் பேசுகிற மாதிரி என்னிடம் என் தயாரிப்பாளர்கள் யாரும் பேசியதில்லை.

குதிரையின் கடிவாளத்தைப் பார்த்து ஆர்ட் டைரக்டர் ஜெபராஜ் மயங்கிப் போனார். வாய்க்குள் ஓர் இரும்புத் தண்டு. அதன் இரண்டு முனையிலும் கீழே தொங்குகிற நீளமான கம்பி, ஒரு சாண் இருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் மேலிருந்து கீழாக மூன்று ஓட்டைகள். தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி. பித்தளைப் பூ வேறு.

ஹாஜிரா பீவி, இது வண்டிக்குப் போடுகிற கடிவாளம், மேலே ஏறி ஓட்டுவதற்கு வேறு போட வேண்டும், அத்தாவுடையது வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். ஜெபராஜ் கேட்கவில்லை. கேமராவில் இதுதான் ராஜ கம்பீரம் என்றார். ஹாஜிரா பீவி ஒரு கணம் யோசித்துவிட்டு லகான் வாரை இரண்டு பக்கமும் மேல் ஓட்டையில் மாட்டினார்.

"சரி, மேல் ஓட்டையிலயே இருக்கட்டும். கீழ இருக்கறதத் தொட்டுராதீங்க சார்" என்றார்.

நான் ஏறினேன். நாற்காலி ஒன்று, ஆட்கள் நான்கு பேர் போதுமானதாக இருந்தது. ஜிகினா நன்றாக நடந்தாள். திடீரென்று பத்தடி ஓடினாள். நான் இழுத்தேன். அவள் அதைப் பொருட்படுத்தாமல் கரும்புச் சாறு விற்கும் வண்டியருகே தானாக நின்றாள். அங்கே நான் இறங்குவதென்று முடிவு செய்தேன். இடது பக்கமாக, சற்று விரைவாக இறங்கினேன். முழங்கையில் சிறு சிராய்ப்பு.

நவம்பர் 6, வியாழன்

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். குறை என்னிடம் இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடிபம்பில் கைப்பிடி நீளமாக இருந்தால் தண்ணீர் சுலபமாக வருகிறது. அதே கணக்குதான். வாரை மேல் ஓட்டையில் மாட்டினால் என் கை இழுப்பது அப்படியே போய்ச் சேருகிறது. மூன்றாவது ஓட்டையில் மாட்டினால் கம்பி முழுவதும் எனக்கு உதவி செய்கிறது. சுண்டுவிரலால் இழுத்தால் போதும்.

ஹாஜிரா பீவி டீ குடிக்கப் போனபோது இரண்டு பக்கமும் மாற்றி மாட்டினேன். ஜெபராஜ் தொங்கவிட்டிருக்கிற சிவப்புப் பட்டுக் குஞ்சம் அதை மறைத்துவிட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் பழையபடி மேல் ஓட்டையிலேயே மாட்டி வைத்துவிட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

பலன் அபாரம். லேசாக இழுத்தாலே ஜிகினா நின்றாள். கழுத்தை வளைத்து, முகவாயை மார்போடு சேர்த்துக்கொண்டாள். கோயில் தூணில் இருக்கிற குதிரை மாதிரி இருக்கிறது என்று ஜெபராஜ் கண்கலங்கினார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இன்று இழுத்ததும் நின்றாள். நின்றதோடு அவள் விட்டிருக்கலாம். ஓரடி பின்னாலும் வைத்தாள்.

நவம்பர் 8, சனி

போர்க் காட்சி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குப் பின்னால் அறுபது வீரர்கள். எல்லாரும் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். வலது பக்கம் கறுப்புக் குதிரையில் சேனாதிபதியாக நடிக்கிற ஹரிகரசுதன். இருபத்தேழு வயது. ஊட்டியில் முறையாகக் குதிரையேற்றம் படித்தவன். "அண்ணே, கை ரொம்ப இறுக்கமா இருக்கு, கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்று காலையில் என்னிடம் சொன்னான். யாருக்கு யார் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. நான் கேட்காத மாதிரி மகுடத்தைச் சரிசெய்துகொண்டேன்.

டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். நான் வாளை உருவி, "வீரர்களே, முன்னேறுங்கள்" என்று முழங்கினேன். அறுபது பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார்கள். சத்தத்தில் ஜிகினா ஓரடி துள்ளியதும் நான் வாரை இழுத்தேன். அவள் பின்னால் நடந்தாள்.

வீரர்கள் இரண்டு பக்கமும் என்னைக் கடந்து ஓடினார்கள். நான் அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்துவதற்காக இன்னும் இழுத்தேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனாள். நான் எவ்வளவு இழுத்தேனோ அவ்வளவு வேகம். வசனத்தை மட்டும் நான் விடவில்லை. "முன்னேறுங்கள், முன்னேறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பந்தலுக்குள் முதுகு காட்டி நுழைந்தேன். சாம்பார் அண்டா கவிழ்ந்தது. அப்பளக் கூடையில் ஜிகினாவின் பின்னங்கால் இறங்கிய சத்தம் மைக்கில் பதிவாகியிருக்கிறதாம்.

டைரக்டர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்காமலே பெருமூச்சு விட்டார். பொட்டல் முழுவதும் கேட்டது.

மதியம் எல்லாருக்கும் தயிர்சாதம் மட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றும் மூன்றாவது ஓட்டைதான், இன்றும் ஜிகினா பின்னால்தான் போனாள். டைரக்டருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. குதிரை பின்னால்தான் போகும் என்றால் போகட்டும். அதைப் படமெடுத்துத் தலைகீழாக ஓட்டினால் முன்னால் வருகிற மாதிரி தெரியும். வீரர்களும் பின்னோக்கி ஓட வேண்டும். என் உதடு பொருந்த வேண்டும் என்பதால் நானும் வசனத்தைத் தலைகீழாகப் பேச வேண்டும். சவுண்டு இன்ஜினியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"ளக்ஙுறேன்னும் ஏளக்ரரீவ்."

மாலை முழுவதும் அறையில் மனப்பாடம் செய்தேன். இடையில் திலகா போன் செய்தாள். வாய்ப்பழக்கத்தில் அவளிடமும் அதையே சொல்லிவிட்டேன். உடனே வீடியோவில் வரச் சொன்னாள். சிரிக்கச் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னாள். இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கச் சொன்னாள். பக்கவாதம் இல்லை என்று உறுதியான பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள்.

நவம்பர் 10, திங்கள்

பின்னோக்கி ஓடியதில் பதினாலு வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மானிட்டரில் தலைகீழாக ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பதினாலு பேரும் தரையிலிருந்து ஊற்று போல எழும்பி வந்தார்கள். குறுக்கே ஓர் ஆடு வாலை முன்னே நீட்டிக்கொண்டு போனது. இதெல்லாம் பரவாயில்லை, அடுத்த தடவை சரியாகிவிடும் என்றார் டைரக்டர்.

அடுத்த தடவை ஜிகினா முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வாரைத் தொட்டாலே தலையை வானத்துக்குத் தூக்கினாள். என் மூக்கில் அவள் பிடரி அறைந்தது. எத்தனை தட்டியும் அசையவில்லை. வாயோரம் நுரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குஞ்சத்தின் சாயம் போயிருக்கும். மட்டமான பட்டு.

டைரக்டர், இது கோளாறு பிடித்த குதிரை, வேறு குதிரை ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாரைப் பழையபடி மேல் ஓட்டையில் மாட்டும்போது ஜிகினா என் பக்கம் திரும்பவேயில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஹாஜிரா பீவி வந்தார். குதிரையின் வாயை விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் போய், லகானை யார் கீழ் ஓட்டையில் மாட்டியது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மேல் ஓட்டையில்தானே இருக்கிறது என்றார் ஜெபராஜ். கீழ் ஓட்டையின் ஓரத்தில் வார் உரசித் துரு போய்ப் புதிதாகப் பளபளக்கிறது பாருங்கள் என்று ஹாஜிரா பீவி காட்டினார். போன வாரம் இடைவேளையில் ஹரிகரசுதன் இந்தக் குதிரையில் ஒரு சுற்று போனதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது. நான் தொடவேயில்லை என்றான்.

நான் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் கேட்கும் முறை வருவதற்குள் மேக்கப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நானாகத்தான் மேக்கப்பை முன்கூட்டியே போடச் சொல்லியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் ஜட்கா ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நின்றேன். அங்கே ஜிகினாவுக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் போகிற குதிரை, எதிலாவது கொண்டுபோய் மோதிவிடும் என்று, அந்த ஆறு பிள்ளைகளின் பெற்றோரும் நாளையிலிருந்து ஆட்டோவில் அனுப்பப் போகிறார்களாம். டீக்கடைக்காரர் இதை என்னிடமே சொன்னார். நான் மகுடம் இல்லாமல் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

சாப்பிடவில்லை. இட்லி சரியில்லை. மத்தியானச் சாப்பாடும் சரியில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்று எனக்குக் காட்சி இல்லை. காலையில் தூறல். ஆட்டோ பிடித்து ஹாஜிரா பீவி வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி ஏர்க்கால் தரையில் ஊன்றிச் சாய்ந்து நின்றது. தகரக் கொட்டகையில் ஜிகினா. வாயில் எதுவும் இல்லை. ஹாஜிரா பீவி தவிட்டைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். வாய்ப்புண்ணால் புல் மெல்ல முடியவில்லை என்றார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். நல்ல வசனம், நடுவில் இரண்டு இடத்தில் குரல் தழுதழுக்கும். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை.

"நான்தாங்க மாத்துனேன்" என்றேன். "மூணாவது ஓட்டையில."

அவர் தவிட்டைக் கலக்குவதை நிறுத்தவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். நான்கு நாள் என்றேன். எண்ணிப் பார்த்து, ஐந்து என்று திருத்தினேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கடிவாளத்தை எடுத்து வந்தார்.

"பேண்ட்டச் சுருட்டிக்கிட்டுக் காலை நீட்டுங்க சார்."

நீட்டினேன். என் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் அந்த இரும்புத் தண்டை வைத்தார். சங்கிலியைக் கெண்டைக்காலைச் சுற்றி மாட்டினார். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் இருக்கிறதாம். இரும்பு அங்கேதான் உட்காரும். அங்கே சதை கிடையாது, மெல்லிய தோல், அதற்குக் கீழே நேராக எலும்பு. என் முழங்காலுக்குக் கீழே இருக்கிற மாதிரியேதான்.

முதலில் மேல் ஓட்டையில் வாரை மாட்டி இழுத்தார். ஓர் அழுத்தம் தெரிந்தது. பரவாயில்லை என்றேன்.

பிறகு மூன்றாவது ஓட்டையில் மாட்டினார். இரண்டு விரலால்தான் இழுத்தார். கம்பி திரும்பியது, சங்கிலி பின்னாலிருந்து நெருக்கியது, இரும்பு முன்னாலிருந்து எலும்பில் இறங்கியது. நான் உட்கார்ந்திருந்த முக்காலியோடு பின்னால் போனேன். கொட்டகைத் தூண் வரைக்கும் போனேன்.

"பாத்தீங்களா. நீங்களும் பின்னாலதான் போறீங்க" என்றார் ஹாஜிரா பீவி.

தூணில் சாய்ந்தபடியே கேட்டேன். வண்டியில் உட்காரும்போது ஆள் தூரத்தில் இருக்கிறோம், கை ஓரிடத்தில் நிற்கும், பாதி வேலை வாய்ச்சொல்லிலேயே நடந்துவிடும், மேல் ஓட்டையே போதும் என்றார். பெரிய பாரம் ஏற்றி இறக்கத்தில் போகிறவர்கள்தான் கீழ் ஓட்டைக்குப் போவார்களாம், அதுவும் கை பழகினவர்கள். முதுகில் உட்காருகிறவனுக்கு உடம்பு ஆடும்போதெல்லாம் கையும் ஆடும். விழாமல் இருக்க வாரையே பிடித்துத் தொங்குவான்.

"நீங்க பிடிச்சுத் தொங்குனது அவ தாடை எலும்பு சார்."

கடிவாளத்தை என் காலிலிருந்து கழற்றிக்கொண்டே, "இன்னொண்ணு கேக்கறேன். உங்களுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"என் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"பேரு கேக்கல."

"தெரியாது" என்றேன். இதைச் சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. இதை ஸ்டாண்டில் வந்து சொல்லுங்கள், பிள்ளைகள் வீட்டிலும் சொல்லுங்கள் என்றார். தான் சொன்னால் நம்ப மாட்டார்களாம், நான் டிவியில் வருகிறவனாம்.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாரிடமும் சொன்னேன்.

ஸ்டாண்டில் சொன்னபோது, பின்னால் போனது குதிரை இல்லை, ராஜாதான் என்று ஒருவர் சுருக்கமாகப் புரியவைத்தார். ஆறு வீட்டிலும் ஏறி இறங்கினேன். ஐந்து வீட்டில் சரி என்றார்கள். ஆறாவது வீட்டு அம்மாள், போன தொடரில் மகளைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்ததற்காக என்னை வாசலிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஹரிகரசுதனிடம் சொன்னேன்.  "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ணே" என்றான். அதற்குப் பதில் அவன் திட்டியிருக்கலாம்.

டைரக்டர் கடைசி. தேர்வின்போது என் பெயரைக் கேட்டு ஏமாந்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார். பிறகு கதை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, மன்னருக்கு விஷக்காய்ச்சல் வர எத்தனை எபிசோடு வேண்டும் என்று கேட்டார். ஒன்று போதும் என்றார் அவர். நான் செத்தால் சேனாதிபதிக்குப் பட்டாபிஷேகம். ஹரிகரசுதன் நடுவே புகுந்து, அந்த மகுடம் நாலு கிலோ, எனக்குக் கழுத்துப் பிடிக்கும், அண்ணனே ராஜாவாக இருக்கட்டும் என்றான்.

கடைசியில் இப்படி முடிவானது. புதன்கிழமை வரை அரண்மனைக் காட்சிகள். அதற்குள் ஜிகினாவின் வாய் ஆற வேண்டும், நான் முன்னோக்கிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சல்.

நவம்பர் 15, சனி

விழுந்தேன். மூன்று தடவை.

நவம்பர் 16, ஞாயிறு

விழுந்தேன். ஒரு தடவை. திலகாவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். குதிரையேற்றம் தெரியாது என்பது தேர்வுக்குப் போகும்போதே தனக்குத் தெரியும் என்றாள். பொருட்காட்சி ராட்டினத்தில் மரக்குதிரையில் உட்கார்ந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நவம்பர் 17, திங்கள்

ஜிகினாவுக்கு இப்போது வாயில் இரும்பு இல்லை, முகத்தில் வெறும் கயிறு. நான் கயிற்றையும் தொடக்கூடாது. பிடரியைப் பிடித்துக்கொள்ளலாம். ஹாஜிரா பீவி முன்னால் நடந்துகொண்டே "வா தாயி" என்கிறார், அவள் போகிறாள். "ஹோ" என்கிறார், நிற்கிறாள். நானும் சொல்லிப் பார்த்தேன். மன்னர் வீரமாறன் குரலில் சொன்னால் கேட்கவில்லை. என் குரலில் சொன்னால் கேட்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி ஒரு டைரக்‌ஷன் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

விழவில்லை. ஜிகினாவின் வாய் ஆறிவிட்டது. காலை பத்து மணிக்கு நான் குடித்த டீயை அவளும் ஒரு வாய் குடித்தாள்.

நவம்பர் 19, புதன்

ஹாஜிரா பீவி அத்தாவின் பெட்டியிலிருந்து அந்தக் கடிவாளத்தைக் கொண்டு வந்தார். வழவழப்பான தடித்த இரும்பு, நடுவில் ஒரு மூட்டு, இரண்டு பக்கமும் ஒரு வளையம். கம்பி இல்லை, சங்கிலி இல்லை, மூன்றாவது ஓட்டை இல்லவே இல்லை. ஜெபராஜ் துக்கம் விசாரிக்க வந்தவர் போல நின்றார். கடைசியில் வளையத்தில் ஒரு குஞ்சமாவது கட்டுகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். இதுவும் இழுத்தால் வலிக்கத்தான் செய்யும், கையில்தான் இருக்கிறது என்று ஹாஜிரா பீவி என் கையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதல் ஷாட். வாளை உயர்த்தினேன். ஜிகினா நின்றுவிட்டாள். மறுபடி கிளம்பினோம். வீரர்கள் வேல்களை உயர்த்தினார்கள். நின்றுவிட்டாள். டைரக்டர் கட் என்று கையைத் தூக்கினார். அவர் பக்கமாகப் போய் நின்று காத்திருந்தாள்.

ஹாஜிரா பீவிதான் விளக்கினார். ஜட்காக் குதிரை. யார் கை காட்டினாலும் சவாரி என்று நின்றுவிடும்.

ஆகவே போர் இப்படி நடந்தது. அறுபது பேரும் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓட வேண்டும். வேல்கள் தரையைப் பார்த்திருக்க வேண்டும். "வாளை உயர்த்துங்கள்" என்ற வசனம் வெட்டப்பட்டது. பகைவர்களும் கையைத் தூக்காமல் சரணடைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஹாஜிரா பீவி நின்றார்.

"வா தாயி" என்றார்.

ஜிகினா கிளம்பினாள். நடை, பிறகு ஓட்டம். வார் தளர்ந்து அவள் கழுத்தில் கிடந்தது. என் ஒரு கை பிடரியில், ஒரு கை வாளில், வாள் இடுப்பில். "வீரர்களே, முன்னேறுங்கள்" என்றேன். நேராகச் சொன்னேன். காற்று எதிரிலிருந்து வந்தது. இவ்வளவு நாளும் அது முதுகுப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. இழுக்கவில்லை.

டைரக்டர் ஓகே சொன்னதும் அறுபது பேரும் கைதட்டினார்கள். கையைத் தூக்காமல் தட்டினார்கள்.

நவம்பர் 20, வியாழன்

ஹாஜிரா பீவி பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். ஆறு பேரும் மறுபடி அவர் வண்டிக்கே வந்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக ஜிகினாவைப் பொட்டலுக்கு ஓட்டி வந்து அவிழ்த்துக் கட்டியவரை, ஆறாவது வீட்டு அம்மாள் பிள்ளையின் சாப்பாட்டுக்கூடை வண்டியிலேயே இருக்கிறதென்று போனில் கூப்பிட்டுவிட்டார். கூடையோடு யாருடைய பைக்கிலோ ஏறிக்கொண்டே, கடிவாளத்தை நீங்களே போடுங்கள் சார் என்றார்.

நான் தனியாகப் போட்டதேயில்லை. காலைப் பனியில் இரும்பு ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினேன். போதவில்லை. ராஜ அங்கிக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் டைரக்டர், ராஜா எங்கே, ராஜா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரும்பை ஜிகினாவின் உதட்டருகே கொண்டு போனேன். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கட்டைவிரலை வாயோரம் விட்டால் திறந்துவிடும் என்று ஹாஜிரா பீவி காட்டியிருக்கிறார். நான் விடவில்லை. அவள் அந்த ஐந்து நாளையும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மன்னிச்சுக்க தாயி" என்றேன். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு கையை நீட்டியபடியே நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது.

அவளாகவே வாயைத் திறந்தாள். நான் இரும்பை வைத்தேன், அவள் நாக்கால் அதை நகர்த்திச் சரிசெய்துகொண்டாள். வாரை மாட்டக் குனிந்தேன். அப்போது அதே வாயால் என் ஒட்டுத்தாடியைக் கவ்வி, ஒரே இழுப்பில் பிடுங்கி, மெல்ல ஆரம்பித்துவிட்டாள். கோந்தோடு கொஞ்சம் தோலும் போனது. நன்றாக வலித்தது.

இன்று எடுத்த எபிசோடில் மன்னர் வீரமாறன் பாதிப் போரில் மழமழவென்ற முகத்தோடு வருவார். ஏன் என்று டைரக்டர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டோம் என்றேன்.